பெயரில்லாத கடவுச்சொல்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்காரர் சர்வர் அறைக்கு வந்தபோது, வாசல் காவலாளி, "லீவு நாள்ல கூடவா சார்? வீட்ல தேட மாட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவன் ஒன்றும் புதிதாகச் சேர்ந்தவன் இல்லை. மறந்துவிட்டான், அவ்வளவுதான். எல்லோருமே மறந்துகொண்டுதான் இருந்தார்கள்.

வீட்டில் தேட யாரும் இல்லை. மூன்றாம் மாடி வார்டில் நர்ஸாக இருந்த அவர் மனைவி போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

வந்த வேலை சின்னதுதான். கம்ப்யூட்டருக்குள் யார் யார் வரலாம் என்ற பெயர்ப் பட்டியல் ஒன்று; அவரவர் கடவுச்சொல்லைப் பூட்டி வைத்த பதிவு இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க வேண்டும். வேலையை விட்டுப் போனவர்கள், உலகத்தை விட்டே போனவர்கள், எல்லோரையும் இரண்டிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். நாளைக்குத் தணிக்கை. "உங்க வீட்டம்மா பேரு இன்னும் இருக்கு சார். நீங்களே எடுத்துடுங்க, எனக்குக் கை வரல" என்று மேலாளர் தயங்கித் தயங்கிச் சொல்லியிருந்தார்.

அந்தப் பெயரைத்தான் அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். அவளுடைய துணிமணிகளை அவள் தங்கை எடுத்துப் போய்விட்டாள். குரலைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது? மிச்சம் இது ஒன்றுதான். கடவுச்சொல்லை மறந்துவிட்டு வாரம் தவறாமல் வார்டிலிருந்து போன் போடுவாள்: "என்னங்க, உள்ள விடமாட்டேங்குது." "உன் தலையையும் எங்கயாவது கழட்டி வச்சுட்டு வா" என்று திட்டிக்கொண்டே மாற்றிக் கொடுப்பார்.

பல்லைக் கடித்துக்கொண்டு, பெயர்ப் பட்டியலில் அவள் வரியை அழித்தார். கடவுச்சொல் பதிவுக்கு வந்ததும் கை ஓடவில்லை. அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். இந்தத் தொழிலில் எவனும் செய்யக் கூடாத காரியம் அது, பாதி அழிப்பது. இப்போது பெயர் இல்லை. கடவுச்சொல் மட்டும் இருக்கிறது.

சர்வர்களின் இரைச்சல் சட்டென்று அடங்கியது போலிருந்தது. கணுக்கால் வழியாகக் குளிர் ஏறியது.

திரையில் ஒரு வரி விழுந்தது. மூன்றாம் மாடி. அவள் பெயர். அனுமதி மறுப்பு.

மறுபடியும்.

மறுபடியும்.

மூன்றாம் மாடியில் வெள்ளையடிக்கிறார்கள் என்று நேற்றே பூட்டியாகிவிட்டது. மேலே ஒரு ஈ காக்கை கிடையாது.

மேசைப் போன் அடித்தது.

"என்னங்க..." கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரல். "உள்ள விடமாட்டேங்குது."

அவள் குரலேதான். பயத்துக்கும் அடியில், பாழாய்ப்போன மனசு சந்தோஷப்பட்டது.

"இரு... இரு. இதோ பாக்கறேன்."

அவள் பெயரைப் பட்டியலில் மறுபடி சேர்த்தார். சரிபார்த்தார். இரண்டும் ஒத்துப்போயின.

மறுப்பு வரிகள் நின்றன.

"வந்துட்டியா?" என்றார். "தணிக்கைக்காரங்க என்ன வேணா கேக்கட்டும், வேலையே போகட்டும். இனிமே உன் பேரைத் தொடமாட்டேன். நீ இங்கயே இரு."

"வந்துட்டேங்க. ஆனா இங்க உங்களக் காணோமே."

"நான் இங்கதான் இருக்கேன்."

"இல்லையே. இங்க எங்க பட்டியல்ல, போய்ச் சேந்தவங்க பேரெல்லாம் பாத்துட்டேன். உங்க பேரு இல்ல."

குரல் இப்போது கிணற்றுக்குள் இல்லை. காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

"அங்க தனியா கெடந்து என்ன பண்ணப்போறீங்க? இருங்க, நானே சேத்துடறேன்."

போனை வைத்துவிட்டு ஓடியிருக்கலாம். கதவு பக்கத்தில்தான் இருந்தது.

அவர் வைக்கவில்லை. காதோடு இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுமுனையில், அவர் பெயரை ஒவ்வோர் எழுத்தாக யாரோ தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கியது.