நோக்கமானியும் மாலிவானின் காதும்

மாலிவானின் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த நோக்கமானி சிவந்து சுட்டது. தாய்லாந்தின் கோராட் நகர அரங்கமே உச்சுக் கொட்டியது.

"இன்னும் கை நீட்டவே இல்ல, அதுக்குள்ள சிவப்பா?" மூலையில் நின்ற பயிற்சியாளர் சோம்போப் தலையில் அடித்துக்கொண்டார். "என்னத்தம்மா நினைச்சே?"

"அம்மா வீட்டுக் கூரையை, குரு. ஜெயிச்சா மாத்திடலாம்னு."

கூரையை நினைத்தாலே போதும். பலனைக் கணக்குப் போடும் மூளைத்துடிப்பைப் பிடித்துச் சிவக்கிற கருவி அது. ஆட்டத்தை ஆட்டமாகவே விரும்பினால் பச்சை. கயிறு தாண்டி மேடையேறும் எவரும் அணிந்தாக வேண்டும் என்பது அமெச்சூர் குத்துச்சண்டைக் கழகத்தின் விதி. பால்பல் விழும் வயதிலேயே கோயில் திருவிழாக்களில் காசுக்கு, முழங்காலாலும் இடிக்கும் முவாய் தாய் சண்டை ஆடிப் பழகியவர்கள் குத்துச்சண்டைக்கு வரும் நாட்டில், அது மீன் சந்தையில் சைவம் தேடுகிற விதி. மாலிவானின் முதல் வெற்றி வீட்டுக்கு அரிசி மூட்டையாக வந்து சேர்ந்தது.

கழகத் தலைவர் தனாகோர்ன் ஒலிவாங்கியைப் பிடித்தார். ஆயுளில் ஒரு குத்தும் வாங்காத மூக்கு. அதை நிமிர்த்தித்தான் பேசுவார்.

"அமெச்சூர் என்றால் அன்பு! தொழில்முறை அழுக்கு இம்மேடையில் ஏறலாகாது. இந்தப் பெண் ஆசியப் போட்டித் தேர்விலிருந்து நீக்கப்படுகிறாள்."

மாலிவான் இறங்கவில்லை. எதிர்மூலையில் நின்ற பாங்காக் வீராங்கனை வாரியாவைப் பார்த்தாள்.

"அக்கா, அணிக்கு நீங்களே போங்க. ஆனா உங்க இடது கையை நினைச்சு எனக்குத் தூக்கமே போச்சு. வாங்க, ஆடிப் பாத்துடுவோம்."

"வாடி," வாரியா சிரித்தாள். "தூக்கம்தானே? நல்லாவே தூங்க வைக்கிறேன்."

நடுவர் தயங்கினார். கூட்டம் போட்ட கூச்சலில் மிரண்டு மணிக்காரர் அடித்தே விட்டார்.

வாரியாவின் இடது கை தாடையில் இடியாக இறங்கியது. மாலிவான் அடுத்ததற்குக் குனிந்து விலாவுக்குள் புகுந்தாள். பழக்கதோஷத்தில் முழங்கால் ஒருமுறை மேலே வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு பாதியில் இறக்கினாள். கூரையும் இல்லை, நாட்டுக் கொடியும் இல்லை, அந்த இடது கை மட்டும்தான். விளக்கு எப்போது பச்சையானது என்று அவளுக்கே தெரியாது. கடைசி மணி அடித்தபோது புள்ளி நடுவர்கள் ஒருமனதாக மாலிவானுக்கே வெற்றி என்றார்கள்.

கேமராக்கள் திரும்பின, கூடவே தனாகோர்னும் திரும்பினார். அணிச் சட்டையை ஏந்திக்கொண்டு கயிறு தாண்டினார். விதி விதிதானே, அவர் காதிலும் ஒரு நோக்கமானியை ஒட்டினார்கள். கேமராவைக் கண்டதுமே செக்கச்செவேல். அரங்கம் ஊளையிட்டது.

"கருவி பழுது," என்றார். "பெண்ணே, தூய்மையின் வடிவமே, நீ தேர்வாகிவிட்டாய்!"

சொல் காதில் விழுந்ததும் மாலிவானின் நோக்கமானி சிவந்தது.

"ஐயோ... அப்படியானால் நீக்கம்!"

அவள் தோளைக் குலுக்கிவிட்டு வாரியாவின் இடது கையைப் பார்த்தாள். பச்சை.

"ஆ, தேர்வு!"

சிவப்பு.

"ஐயா," நடுவர் மெல்லக் குனிந்தார், "இப்படியே போனா ஆசியப் போட்டிக்கு யாரையுமே அனுப்ப முடியாதே."

மாலிவான் சட்டையைத் தனாகோர்ன் கையிலிருந்து பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். சிவப்பு இன்னும் பளிச்சிட்டது.

"எங்கம்மா வீடு ஒழுகுது. எனக்குக் குத்துச்சண்டையும் பிடிக்குது. ரெண்டும் ஒரே தலைக்குள்ளதான் குடியிருக்கு. அனுப்புறதா இருந்தா இந்தச் சிவப்போட அனுப்புங்க. இல்லேன்னா பச்சை ஆளை நீங்களே தேடிப் பிடிச்சுக்கோங்க, முதல்ல உங்க காதைத் தொட்டுப் பாத்துட்டு."

தனாகோர்ன் தன்னையறியாமல் தொட்டார். சுட்டது.