இருபதும் சரி

“இந்த லெட்டர் குடுத்தது யாரு?”

குடையில்லாமல் ஓடி வந்திருந்தாள். முன்முடியிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டி அவன் மேஜையை நனைத்தது.

“நான்தாங்க,” என்றான் மருத்துவமனையின் உளவியலாளன். பெரிய, அமைதியான கண்கள்... அந்த அமைதியே அவள் எரிச்சலைக் கிளப்பியது.

“எங்கண்ணன் பொண்ணு சிட்டு. ரெண்டு வயசு. நாலு வார்த்தை பேசினவ வாயை மூடிட்டா. ஆட்டிசமா இருக்குமோன்னு நாங்க பதறிட்டிருக்கோம், நீங்க ‘கவலைப்பட ஒன்றுமில்லை’ன்னு அனுப்பியிருக்கீங்க. குழந்தை முகத்தையாவது பாத்தீங்களா?”

“இல்லீங்க. பெத்தவங்க சொல்றதை வெச்சுத்தான் யாரை டாக்டர் பாக்கணும்னு முதல்ல பிரிப்போம். இதோ, அவங்க எழுதின பதில்.”

கூப்பிட்டால் திரும்புகிறாளா? ஆம். வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறாளா? ஆம்... இருபது கேள்விக்கும் குறையே இல்லாத பதில். அத்தனையும் அண்ணன் கையெழுத்து.

குழந்தை எழுமுன் வேலைக்குப் போய், தூங்கிய பிறகு வீடு திரும்புகிற மகராசன். அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்டானா? தானே விடையெழுதி மகளைப் பாஸ் பண்ண வைத்துவிட்டான்.

“எனக்கும் சந்தேகம்தான்,” என்றான் அவன். “எந்தக் குழந்தைக்கும் இவ்ளோ சுத்தமா வராது. மூணு தடவை போன் பண்ணேன். ‘எங்க பரம்பரையிலேயே அப்படி யாரும் இல்ல, போனை வைங்க’ன்னாரு. நான் அதோட விட்டிருக்கக் கூடாது. என் தப்புதான்.”

தப்பை உடனே ஒத்துக்கொள்கிற ஆண்பிள்ளையை அவள் அன்றுதான் பார்த்தாள். நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. சே, இது என்ன நேரம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, “நாளைக்கு அண்ணியைக் கூட்டிட்டு வரேன்,” என்று கிளம்பினாள்.

மறுநாள் அண்ணி பின்னாலேயே அண்ணனும் வந்து நின்றான்.

“என் பொண்ணு மேல முத்திரை குத்த நீ யாருய்யா?”

உளவியலாளன் வாய் திறக்குமுன் அவள் குறுக்கே வந்தாள். “அண்ணா, உன் கவுரவத்துக்குக் குழந்தையைப் பலி குடுக்காதே. பகலெல்லாம் கூட இருக்கறது அண்ணி. அவங்க பேசட்டும், நீ உக்காரு.”

அண்ணி அழுதுகொண்டே பேசினாள். “எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்கறா. தண்ணி வேணும்னா என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறா... என் முகத்தைப் பாக்கறதே இல்ல.”

அண்ணன் தலை கவிழ்ந்தது. “பயமா இருந்துச்சு,” என்றான்.

அண்ணி சொன்னபடி புதிதாக எழுதியதில், இருபதில் பதினொன்று தவறியது. திங்கட்கிழமையே டாக்டர் சிட்டுவைப் பார்ப்பதாக ஏற்பாடானது. நடைபாதையில் உளவியலாளன் அவளை மட்டும் நிறுத்தினான்.

“இனிமே சிட்டுவோட ஃபைலை நான் பாக்க மாட்டேன். வேற ஆள்கிட்ட குடுத்துட்டேன்.”

அவளுக்குச் சுர்ரென்றது. “எங்கண்ணன் கத்தினதுக்குக் குழந்தையைக் கை கழுவறீங்களா?”

“அய்யோ, இல்லீங்க...” அவன் காது மடல் சிவந்தது. “அவளோட அத்தையை எனக்குப் புடிச்சுப் போச்சு. மனசுல இதை வெச்சுக்கிட்டு நான் மார்க் போடறது முறையில்ல. உங்களுக்கு இஷ்டமில்லைன்னாலும், ஃபைல் அந்த இன்னொருத்தர்கிட்டயேதான் இருக்கும்.”

ஒரு மனுஷன் காதலை இப்படியா சொல்வான்? அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“இதை நான் திட்டறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல. நேத்து கிளம்பினதுலேருந்தே உங்களைத் திட்ட எனக்கு மனசு வரலை, இப்பவும் மனசில்லாமத்தான் திட்டினேன்.”