நாடிக்கட்டு

என் பெயர் இன்பமணி. வயது இருபத்திரண்டு. ஊர் ராதாபுரம். வண்ணார்பேட்டை ஜவுளிக்கடை ஒன்றில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கும் வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது இருப்பது பாளையங்கோட்டையில், தச்சுவேலை சாலமோன் அண்ணாச்சி வீட்டு மச்சு அறையில். வாயைத் திறக்க முடியாததால் எழுதுகிறேன்.

முதலில் நான் கவனித்தது முடிச்சைத்தான்.

முளைக்க இடமில்லாமல் கடைவாயில் குறுக்கே படுத்திருந்த ஞானப்பல்லை, செவ்வாய்க்கிழமை காலையில் ஆசுபத்திரி டிரஸ்ஸர் ஈறைக் கீறி இரண்டு துண்டாக எடுத்தார். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். இரண்டு நாள் தாடையைத் துணியால் கட்டிக்கொள்ளலாம், மூன்றாம் நாள் கட்டை எடுத்துவிட்டு வாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக வேண்டும், இல்லாவிட்டால் தாடை பிடித்துக்கொள்ளும் என்றார். வீட்டுக்கு வந்து என் துண்டை மடித்து, வீங்கிய கன்னத்தை அணைத்து, முடிச்சு மறுபக்கத்துக் காதுக்குப் பின்னால் வரும்படி நானே கட்டிக்கொண்டு படுத்தேன்.

புதன்கிழமை மத்தியானம் விழித்தபோது முடிச்சு உச்சந்தலையில் இருந்தது.

துணியும் என் துண்டு இல்லை. விரலால் தொட்டதுமே தெரிந்தது, சலவைக்குப் போகாத புது மல் துணி. கஞ்சி மொரமொரப்பு அப்படியே இருந்தது. முகவாய்க்கு அடியில் நுழைந்து இரண்டு காதுகளையும் மூடி மேலே ஏறியிருந்தது. இந்த மாதிரிக் கட்டை நான் ஊரில் பார்த்திருக்கிறேன். உயிர் போனவர்களுக்கு வாய் பிளந்துகொள்ளாமல் இருக்கப் போடுவார்கள். நாடிக்கட்டு.

“ஒன் துண்டு அவுந்து கெடந்துச்சு தம்பி. நாந்தான் கட்டிவிட்டேன்,” என்றாள் சாரம்மாள் அக்கா. அண்ணாச்சியின் மனைவி. அண்ணாச்சி சாத்தான்குளம் பக்கம் ஒரு கோயில் கூரை வேலைக்குப் போய்ப் பத்து நாள் ஆகிறது. வீட்டில் அவளும் நானும் மட்டும்தான்.

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வலி வேறு எதையும் நினைக்க விடவில்லை. பல் இருந்த குழியில் தொடங்கி, காதுக்குள் புகுந்து, கண்ணின் பின்னால் போய் நின்று துடிக்கும் அந்த வலியோடு, சூடேறிய ஓட்டுக்கு அடியில், கிராம்பு எண்ணெய் வாசமும் கீழே குவிந்த மரத்தூளின் வாசமும் என் வாயின் ரத்தவாடையும் கலந்து கிடக்க, கூரை இடுக்கில் புறா ஒன்று விடாமல் முனகுவதைக் கேட்டபடி, அது புறாவா என் தொண்டையா என்று தெரியாமல் நாள் முழுக்கப் படுத்திருந்தேன். கைக்குழந்தைகளுக்குப் பால் புகட்டும் சங்கால் அக்கா என் கன்னத்து ஓரமாகக் கஞ்சித்தண்ணி விட்டாள். அடியில் ஒரு கசப்பு. குடித்ததும் கைகால் கனத்துத் தூக்கம் வந்தது.

வியாழக்கிழமை கட்டை அவிழ்த்தேன். நகக்கண் அளவுக்கு மேல் வாய் திறக்கவில்லை. கட்டைவிரலை நுழைத்து நெம்பும்போது அக்கா வந்துவிட்டாள். ‘டிரஸ்ஸர் இன்று திறக்கச் சொன்னார்’ என்று பென்சிலால் எழுதிக் காட்டினேன். அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

“அவருக்கென்ன, சொல்லுவாரு. எங்க தம்பி யோசேப்புக்கும் இப்படித்தான் தாடையில வீங்கிச்சு. பொழைச்சிருவான் பொழைச்சிருவான்னு பாத்துக்கிட்டே இருந்துட்டோம். கட்டும்போது ஒடம்பு வெறைச்சிட்டு. வாய் மூடவே இல்ல ராசா. அந்தக் கோலத்துலயே கோயில்ல கொண்டு வச்சோம். பெத்தவ அந்த வாயைப் பாத்துப் பாத்தே போய்ச் சேந்தா.” என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “சூடு இருக்கும்போதே கட்டிரணும். அப்பத்தான் மொகம் ஒறங்குத மாதிரி இருக்கும்.”

முன்னைவிட இறுக்கிக் கட்டினாள். பல்லோடு பல் நெரிந்தது. தச்சன் வீட்டில் மரம் தூக்கிப் பழகிய கை. என்னால் தள்ள முடியவில்லை. போகும்போது கதவை வெளியே தாழ் போட்டாள். அந்தச் சத்தம் மிக மெதுவாகக் கேட்டது. தூங்குகிறவனை எழுப்பக் கூடாதென்று போடுவதுபோல.

வெள்ளிக்கிழமை காலை, கால் நகரவில்லை. இரண்டு கால் பெருவிரலையும் சேர்த்து நூலால் கட்டியிருந்தது. கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டை என் உடம்பில் இருந்தது. தலைமுடியில் எண்ணெய். வகிடு எடுத்துச் சீவியிருந்தாள். அவிழ்க்கக் குனிந்தால் தலை சுற்றிச் சரிகிறேன். உச்சந்தலை முடிச்சும் என் விரலுக்கு நெகிழவில்லை.

பத்து மணி இருக்கும். மச்சு அறை வாசற்படியில் ஆள் வந்தது. கோயில்மணி அடிக்கிற இஸ்ரவேல். காய்ச்சல் தொத்திக்கொள்ளும் என்று அக்கா சொல்லியிருப்பாள் போல, உள்ளே வரவில்லை. மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு என் தலைக்கட்டைப் பார்த்தார். அது ஒன்றே போதுமாக இருந்தது அவருக்கு.

“பல்லு புடுங்கப் போன பய, உசுரையுமில்லா குடுத்துட்டு வந்துருக்கான்.”

“சும்மா இரும் அண்ணாச்சி. கேட்டுறப் போறான்,” என்றாள் அக்கா.

“செத்தவனுக்குக் காது எங்க கேக்கும்? வயசு என்ன?”

“இருபத்திரெண்டு.”

நான் கண்ணைத் திறந்தேன். அக்காவின் உள்ளங்கை வந்து இமைகளை மூடியது. மறுகை என் இரண்டு கையையும் நெஞ்சோடு அமுக்கியது. கத்தினேன். தொண்டையில் முனகல்தான் வந்தது. “மேல புறா அடைஞ்சிருக்கு,” என்றாள். அவர் இறங்கிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் கோயில்மணி கேட்டது. ஒரு அடி. வெகுநேரம் கழித்து இன்னொரு அடி. எண்ணினேன். வயதுக்கு ஒரு அடி. இருபத்திரண்டில் நின்றது. தெருவில் யாரோ ‘யாருக்காம்?’ என்று கேட்டார்கள். யாரோ என் பெயரைச் சொன்னார்கள்.

“முந்தாநாளே ராதாபுரத்துக்கு ஆள் போயிட்டு,” என்றாள் அக்கா. குரலில் அவ்வளவு அன்பு. “நேத்து சாயங்காலமே வண்டி பூட்டியிருப்பாவ. மத்தியானத்துக்குள்ள ஒங்கம்மா வந்துருவா. அவ வரும்போது எல்லாம் முடிஞ்சு, நல்லபடியா இருக்கணும்லா. பாதியில விட்டு நிக்கப்பிடாது.”

பிறகு கட்டிலருகே உட்கார்ந்தாள். மடியில் பஞ்சு. கொட்டையை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டாள். உருட்டினாள். இரண்டு உருண்டை. ஒன்றை என் மூக்கருகே பிடித்து அளவு பார்த்தாள். பெரியதாக இருந்தது. கொஞ்சம் பிய்த்துவிட்டு மறுபடி உருட்டினாள். பைய. அவசரமே இல்லை.

வாய் கட்டியிருக்கிறது. மூக்கு ஒன்றுதான் வழி.

பன்னீர் எடுக்கக் கீழே போயிருக்கிறாள். இரண்டு உருண்டையும் என் தலையணையில் இருக்கின்றன. என் மூச்சுக்கு அவை அசைகின்றன. முன்னே. பின்னே. முன்னே.

கட்டிலை ஒட்டிய சன்னல் கம்பி வழியாக இந்தத் தாளைத் தெருவில் போடப்போகிறேன்.

படியில் கால் சத்தம்.

இதை எடுக்கிறவர் யாரானாலும், கீழே அக்காவிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். அவள் அழுவாள், நீங்கள் நம்பிவிடுவீர்கள். நேரே மச்சுக்கு வாருங்கள். கட்டை அப்புறம் அவிழ்க்கலாம். முதலில் என் மூக்கிலிருந்து பஞ்சை எடுத்துவிடுங்கள்.