மீண்டும் கேட்காதே

போன் திரையில் எழுந்த பெட்டியில் செயலியின் பெயர் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. அதன் கீழே, 'மைக்கைப் பயன்படுத்த அனுமதிக்கவா?' என்ற கேள்வி மட்டும் இருந்தது. அவன் உதட்டைச் சுழித்துக்கொண்டு 'அனுமதிக்காதே' என்பதைத் தட்டினான். பெயர் வைத்துக்கொள்ளக்கூடத் துப்பில்லாத ஒன்று தன் போனுக்குள் எப்படி நுழைந்தது என்று அவன் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. தன் போனுக்குள் எதுவும் நுழைய முடியாது என்பது அவன் கொள்கை, கொள்கை உள்ளவர்கள் அவ்வளவாக யோசிப்பதில்லை.

அலுவலகத்தில் அவனுக்குப் 'பூட்டு' என்று பட்டப்பெயர். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணினிகளைக் காவல் காக்கிற உத்தியோகம். சந்தேகப் பிராணிக்கு ஊரெல்லாம் திருடன் என்றால், இவனுக்கு ஊரெல்லாம் திருடனும் முட்டாளும். கோடையில் தன் போனில் கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்திருந்த மென்பொருளை வழித்துத் துடைத்துவிட்டு, எவனும் எட்டிப்பார்க்க முடியாத வேறொரு இயங்குதளத்தை ஏற்றினான். பிறகு மனைவியின் போனுக்கும் அதே கதி, அவளைக் கேட்காமலே. மச்சான் மட்டும் சிரித்தான். "அத்தான், உங்க ரகசியத்தைத் திருடி எவன் என்ன பண்ணுவான்? தூக்கம் வரலைன்னா எடுத்துப் படிப்பானா?" அன்றோடு மச்சானிடம் பேச்சு நின்றது.

இப்போது விளக்கு வைக்கிற நேரம். உள்ளறையில், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் காய்ச்சலில் படுத்திருந்தாள். மத்தியானத்திலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. மருந்துக்கும் திறக்கவில்லை.

"என்னங்க, ஆஸ்பத்திரி ஆப் திறக்கவே மாட்டேங்குது. 'இந்த போன் பாதுகாப்பானது இல்ல'ன்னு வருது" என்று மனைவி கூடத்துக்கு வந்தாள்.

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "உலகத்துலயே பாதுகாப்பான போனைப் பார்த்து அந்தக் குப்பை சொல்லுது பாரு!"

"சிரிக்கிறதுக்கா சொன்னேன்? போன் பண்ணினா ஆப்லதான் டோக்கன் போடணும்கிறாங்க. குழந்தை கிடக்கிற கிடையைப் பார்த்தீங்களா?"

"காய்ச்சல்னா அப்படித்தான். காலையில நேர்ல போய்க்கலாம். ஒரு டோக்கனுக்காக அவன்கிட்ட நம்ம ஜாதகத்தையே கொடுக்கணுமா?"

அவள் ஈரத்துணியோடு உள்ளே போனாள். அவள் முதுகைப் பார்த்து அவனுக்கு இளக்காரமாக இருந்தது. எதையும் புரிந்துகொள்ளாதவர்கள் கோபப்படத்தான் செய்வார்கள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. குளிர்பதனப் பெட்டியின் முனகலுக்கும் மாடி வீட்டில் யாரோ நாற்காலி நகர்த்துவதற்கும் நடுவே, உள்ளறையிலிருந்து, அட்டைப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட எலி மூலை மூலையாகப் பிறாண்டிப் பார்ப்பதுபோல, அவசரமில்லாமல், விட்டு விட்டு வந்த ஒரு சுரண்டல். சத்தம் நின்றது. கையிலிருந்த போன் அதிர்ந்தது. மறுபடி பெயரில்லாத பெட்டி: 'கேமராவைப் பயன்படுத்த அனுமதிக்கவா?' தட்டினான். அனுமதிக்காதே. சுரண்டல் மீண்டும் தொடங்கியது. நின்றது. போன் அதிர்ந்தது.

முதுகுத்தண்டில் ஏதோ சில்லென்றது. அந்தச் சில்லிப்பையும் அவன் அலட்சியம் செய்தான். நிரல் எழுதத் தெரியாத எவனோ செய்து வைத்த கோளாறு, அவ்வளவுதான் என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளறைக்குப் போனான்.

காய்ச்சல் மருந்தின் தித்திப்பும் ஈரத்துணி நாற்றமும் அறையை அடைத்திருந்தன. அதற்கடியில் வேறொரு வாடை, வெகுநாள் மூடிவைத்த பாத்திரத்தைத் திறந்தால் வருகிற மாதிரி. மகள் கண்ணை மூடி, உதட்டை இறுக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தாள். மனைவி அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அறையில் எலி இருப்பதற்கு இடமே இல்லை.

போன் அதிர்ந்தது. அனுமதிக்காதே. மறுபடி. அனுமதிக்காதே. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அவன் கட்டைவிரல் பழகிய வேகத்தில் அடித்துத் தள்ளியது. மனைவி எழுந்து வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். கடைசிப் பெட்டியின் அடியில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது: 'மீண்டும் கேட்காதே'.

"இருங்க. என்ன கேக்குதுன்னு படிங்க முதல்ல" என்றாள் அவள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"படிக்கிறவன்தான் மாட்டுவான். எது கேட்டாலும் கிடையாதுன்னு சொல்லணும். உங்க ஆளுங்களுக்கு இது எந்தக் காலத்துல புரியப்போகுதோ."

"ஐயோ, இருங்களேன்!"

கட்டத்தில் குறியிட்டான். அனுமதிக்காதே. முடிந்தது.

சத்தம் நின்றது. சுரண்டல் மட்டுமல்ல. குளிர்பதனப் பெட்டியின் முனகல் இல்லை. மாடி வீட்டு நாற்காலி இல்லை. தெருவே இல்லாததுபோல் இருந்தது.

"பார்த்தியா? இப்படித்தான் வாயடைக்கணும்" என்றான்.

"அது மைக்கைக் கேக்கல."

"பின்னே?"

"'பாப்பாவை விட்டு வெளியேற அனுமதிக்கவா'ன்னு கேட்டுச்சு."

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. பாப்பா என்பது மகளுக்கு இந்த வீட்டுக்குள் மட்டும் புழங்கும் பெயர். அதை அவன் எந்தப் போனிலும் எழுதியதில்லை.

அமைப்புகளைத் திறந்தான். அனுமதிகளின் பக்கத்தில் தேடினான். எல்லாச் செயலிகளும் இருந்தன, பெயரில்லாததைத் தவிர. போனை அணைத்துப் போட்டான். தேடினான். இல்லை. இப்போது அவன் பயந்தான். வெட்கமில்லாமல், குழந்தையைப்போலப் பயந்தான். கேளு, இன்னொரு தடவை கேளு என்று திரையைப் பார்த்துக் கெஞ்சினான். திரை கேட்கவில்லை. சொன்ன சொல்லைத் தட்டாத இயங்குதளம் அது. அந்தப் பெருமையை எத்தனை பேரிடம் அளந்திருக்கிறான்!

மனைவி அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "வாயால சொல்லுங்க! போகச் சொல்லுங்க!"

அவன் கட்டிலருகே மண்டியிட்டான்.

"போ" என்றான். "அனுமதிக்கிறேன். போயிடு. என் பொண்ணை விட்டுப் போயிடு."

மகள் கண்ணைத் திறந்தாள்.

அவளுடைய கண்கள்தான். அதில் சந்தேகமே இல்லை. அழுதுகொண்டிருந்தன. அப்பாவைத்தான் பார்த்தன. உதடுகள் மட்டும் பிரியவில்லை.

"பாப்பா?"

இடது கன்னம் அசைந்தது.

உள்ளிருந்து ஒரு புடைப்பு. பக்கத்தில் இன்னொன்று. பிறகு இரண்டு. விரல்கள். சின்னதல்ல, பெரிய ஆளின் விரல்கள். தோலை நீட்டி, மெல்ல, பல்வரிசையின் மேல் நகர்ந்து, மூடிய உதடுகள்வரை வந்தன. அங்கே நின்றன. தட்டவில்லை.

குழந்தையின் கண்கள் அவனை விட்டு விலகவே இல்லை.

விரல்கள் திரும்பின. கன்னத்தைத் தாண்டி, தாடையின் கீழே, கழுத்துக்குள் ஒவ்வொன்றாக இறங்கின. வெளியூர்ப் பயணம் ரத்தாகி வந்தவர் பாயை உதறி விரிப்பதுபோல, அவள் நெஞ்சுக்கூட்டுக்குள் எதுவோ புரண்டு, இடம் பார்த்து, வசதியாகப் படுத்துக்கொண்டது.