கடைசியாகப் பயன்படுத்தியது: இன்று

இறந்து ஏழு மாதமான கணவனின் சாவிக்கு எதிரே, ‘கடைசியாகப் பயன்படுத்தியது: இன்று’ என்றிருந்தது.

சாகும் தறுவாயில் இருப்பவர்களின் குரலைப் பதிந்து, பிள்ளைகளுக்காகக் காத்துவைக்கும் சிறிய காப்பகம் அது. அந்தக் குரல்கள் இருக்கும் கிளவுட் சேமிப்பகத்தின் சாவிகளுக்கு அவள்தான் பொறுப்பு. சாவி என்றால் நீண்டதொரு ரகசிய எழுத்துவரிசை. பதிவுச் செயலியை எழுதிய கணவன் தன் சாவியை, சாவிகளைப் பூட்டிவைக்கும் மின்பெட்டகத்தில் வைக்காமல் செயலிக்குள்ளேயே எழுதிவிட்டிருந்தான். அவள் எல்லாவற்றையும் புதுச் சாவிக்கு மாற்றி மூன்று வாரமாகிறது. பழையதை ரத்து செய்யத்தான் கை வரவில்லை. அவன் பெயர் உயிரோடிருந்த ஒரே இடம் அது. அது போக, பதிவு தொடங்குமுன் ஒலிக்கும் அவன் குரல்: “அவசரமே இல்ல. நான் பக்கத்துலயே இருக்கேன். சொல்லுங்க.” போகிறவர்கள் தனியாகப் போகக் கூடாதென்று அவனே பேசி வைத்தது.

விடுமுறைப் பிற்பகல். குளிர்சாதனத்தின் முனகலும், சூடேறிய தூசியின் வாசனையும், ஜன்னல் வெயிலில் தரையோடு மெல்ல நகரும் நாற்காலி நிழல்களும் தவிர அவளுக்குத் துணையில்லை. சாவிகளின் பயன்பாட்டுப் பதிவேட்டைத் திறந்தாள். அந்தச் சாவி ஒவ்வொரு குரலாகத் திறந்துகொண்டிருந்தது. அவர்கள் இறந்த வரிசையில்.

காப்பகத்துக்காகக் குரல்களைப் பதிந்துவரும் செவிலியைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னாள்.

“போனவங்க சாவிய அன்னிக்கே நிறுத்தணும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பீங்களேக்கா! எவனோ திருடன் கையில சிக்கியிருக்கு. எண்பது குடும்பம் நம்மள நம்பிக் குடுத்த குரல், அக்கா.”

“நிறுத்திடறேம்மா.”

“அழாதீங்க. அண்ணன் கோச்சுக்க மாட்டாரு. சாயங்காலம் வரேன், சேர்ந்து சாப்பிடலாம்.”

அந்தச் சின்னப் பரிவே தெம்பாயிருந்தது. கடவுளை நினைத்துக்கொண்டு ரத்து செய்தாள்.

முனகல் நின்றது.

திரையில் ஒரு புது வரி. புதுப் பதிவு. அவளுடைய புதுச் சாவியில். பெட்டகத்தை விட்டு வெளியே வராத சாவி. பெயருக்கான இடத்தில், அவன் மட்டுமே அழைத்த அவள் செல்லப்பெயர்.

திறந்தாள்.

நாற்காலியின் கிரீச். “நிறுத்திடறேம்மா.” விசைகளின் சத்தம். மூச்சு.

தன் மூச்சை அடக்கினாள்.

பதிவில் மூச்சு நிற்கவில்லை.

திரையில் பதிவின் நொடிகள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தன. ஒலிபெருக்கியை அணைத்தாள். மைக்கில் சிவப்பு விளக்கு. தரையில் அவள் நிழல். அதன் தோளருகே குனிந்த இன்னொன்று.

“அவசரமே இல்ல,” என்றது காதோரம். “நான் பக்கத்துலயே இருக்கேன். சொல்லு.”