கரையில் அவன், நீருக்கடியில் அவள்

காற்று அவன் கையிலிருந்த வரைபடத்தைப் பறித்துக்கொண்டு போய் நேராகக் கடலில் போட்டது.

"அய்யய்யோ!"

ஆர்க்கிடெக்டான அவன் கப்பல் துறையின் விளிம்புக்கு ஓடினான். ஐந்து அதிகாரிகள் கையெழுத்துப் போட்ட ஒரே பிரதி அது. ஏழு மாடி வீடுகளும், கீழே கடைகளும், நடுவே ஒரு நூலகமும் பச்சைத் தண்ணீரில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தன.

அப்போது நீருக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. கறுப்பு உறை போட்ட கை. அது வரைபடத்தை எட்டிப் பிடித்தது. பின்னாலேயே முகக்கவசம் அணிந்த ஒரு தலை... கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்கள்...

அந்தக் கண்கள் அவனைப் பார்த்துச் சிரித்தன. சத்தியமாகச் சிரித்தன!

இரும்பு ஏணியில் ஏறி வந்தவள் கவசத்தைக் கழற்றினாள். கன்னத்தில் ரப்பர் அழுத்திய தடம். நெற்றியில் ஒட்டிய ஈரக் கூந்தல். எதற்காக ஓடி வந்தோம் என்பதே அவனுக்கு ஒரு நொடி மறந்துபோயிற்று.

"உங்க கட்டடமா சார் இது?"

"ஆமா... குடுங்க, குடுங்க, கையெழுத்து அழிஞ்சிடும்!"

அவள் கொடுக்கவில்லை. சொட்டச் சொட்டப் பிரித்துப் பார்த்தாள். "எந்த இடத்துல வருது?"

"நீங்க நிக்கிற இடத்துலதான். இதே மூணாம் துறை. விளிம்புலேர்ந்து நாலே மீட்டர். ஜன்னலைத் திறந்தா கடல்!" பெருமையைக் குரலிலிருந்து அவனால் மறைக்க முடியவில்லை.

"நாலு மீட்டரா?" அவள் வரைபடத்தை அவன் கையில் வைத்தாள். "அப்ப கையெழுத்து அழிஞ்சாலும் தப்பில்ல சார்."

அவன் வாயைத் திறப்பதற்குள் மறுபடி முங்கிவிட்டாள். குமிழ்கள் மட்டும் மேலே வந்தன.

கப்பல்கள் எல்லாம் புதிய துறைமுகத்துக்குப் போனபின் இந்தப் பழைய துறைமுகம் எட்டு வருடமாகச் சும்மா கிடந்தது. இப்போது அதை வீடும் கடையும் பள்ளியும் அலுவலகமுமாக மாற்றும் வேலை நடந்தது. கட்டுவதற்கு முன் துறைச்சுவர் நீருக்கடியில் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவளுடைய பொறுப்பு. அவள் டைவர். அவள் முங்குவாள், அவள் அப்பா கரையில் நின்று காற்றுக் குழாயைக் கவனித்துக்கொள்வார்.

மறுநாளும் அவன் வந்தான். அதற்கு மறுநாளும்.

"இன்னிக்கு எந்த வரைபடம் விழுந்துச்சு சார்?"

"சும்மா... காத்து வாங்க வந்தேன்."

"பன்னெண்டு மணி வெயில்லயா?"

அப்பா காற்றுக் குழாயைச் சுருட்டியபடி இருமினார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. 'வரட்டுமே... வந்தால் என்ன?' என்று நினைத்தவள், அன்றைக்கு ஏணியில் இறங்கும்முன் கூந்தலை ஒருமுறை சரிசெய்துகொண்டாள். தண்ணீருக்குள் போகிறவளுக்கு அது எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

பத்தாம் நாள் அவளுடைய அறிக்கை வந்தது. மூன்றாம் துறைச் சுவருக்கு அடியில் மண் இல்லை. கப்பல்களுக்கு அடியில் சுழலும் விசிறிகள் வருடக்கணக்காகக் கலக்கிக் கலக்கி அரித்துவிட்டன. உள்ளே பெரிய பொந்து.

திட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் தலைவி, ஆர்க்கிடெக்டின் அத்தை. அவனைப் படிக்க வைத்தவர். இந்த வேலையையும் கொடுத்தவர். கூட்ட அறையில் அறிக்கையை மேஜைமேல் போட்டுவிட்டு அவனைப் பார்த்தார்.

"ரெண்டு வாரத்துல வேலை ஆரம்பிக்கணும். நீ என்ன சொல்ற?"

எதிரே உட்கார்ந்திருந்த டைவர் நம்பிக்கையோடு அவன் பக்கம் திரும்பினாள். அவன் பேனாவைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"பழைய ரிப்போர்ட்ல இப்படி எதுவும் இல்ல... தண்ணி கலங்கலா இருந்திருக்கலாம். வேற ஒரு டீமை வெச்சு இன்னொரு தரம் பார்த்தா..."

அவள் முகம் சிவந்தது. 'இத்தனை நாள் பேசியது, சிரித்தது... என் வேலைமேல் இவ்வளவுதானா நம்பிக்கை?'

எழுந்து நின்றாள். குரல் மட்டும் தணிந்தே இருந்தது. "வேற டீம் எதுக்கு சார்? உங்க கை போதும். நாளைக்குக் காலையில ஆறரைக்குத் தண்ணி நல்லா இறங்கும். பொந்தோட மேல்விளிம்பு வெளியில தெரியும். வந்து பாருங்க."

வருவான் என்று அவள் நினைக்கவில்லை. வந்தான். பளபளக்கும் ஷூவோடு, கையில் குடையோடு.

சின்னப் படகைச் சுவரோரமாக அவளே செலுத்தினாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. துளிகள் கடல் முழுவதும் புள்ளி புள்ளியாக விழுந்தன. அவன் அவசரமாகக் குடையை விரித்து அவள் தலைக்குமேல் நீட்டினான்.

"என்ன பண்றீங்க?"

"நனைஞ்சிடுவீங்களே..."

"நான் டைவர் சார்!"

"அதனால என்ன? மழைக்கு அது தெரியுமா?"

கோபமாக இருக்க வேண்டும் என்று எவ்வளவோ முடிவு செய்திருந்தாள். உதடு கேட்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நீர்மட்டத்தில், பாசி படிந்த கல்லுக்குக் கீழே, ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு வாய் தெரிந்தது. படகுக் கம்பை அவனிடம் கொடுத்தாள்.

"விடுங்க உள்ள."

விட்டான். போனது. இன்னும் போனது... பன்னிரண்டு அடிக் கம்பு முழுவதும் போய், முழங்கைவரை அவன் கையும் போனது. எதிலும் இடிக்கவில்லை.

அவன் கம்பை வெளியே இழுக்கக்கூட மறந்து அப்படியே இருந்தான். மழை அவன் முகத்தில் வழிந்தது.

"இதுக்கு மேலயா நூத்தி இருபது குடும்பத்தைக் குடிவைக்கப் பார்த்தேன்?"

அவள் படகைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி கலங்கல் இல்ல. நான்தான் கலங்கியிருந்தேன். மூணு வருஷ வேலை போயிடுமேன்னு... உங்களை நம்பலன்னு இல்ல. நம்பினா என்ன ஆகும்னு பயந்துட்டேன். மன்னிச்சிடுங்க."

அன்று மதியமே அத்தையின் அறையில், எல்லோர் முன்னிலையிலும், அவன் தன் கட்டடத் திட்டத்தைத் தானே வாபஸ் வாங்கினான்.

"தலைகீழா நின்னாலும் இந்த இடத்துல கட்ட முடியாது அத்தை. டைவர் சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு."

அத்தை அறிக்கையை மறுபடி கையில் எடுத்தார். "யோசிச்சுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லி எழுந்து போனார்.

அதற்குப் பிறகு அவன் துறைப்பக்கம் வரவில்லை. ஒரு நாள்... இரண்டு நாள்... ஐந்து நாள். அவளுக்குள் மானமும் ஏக்கமும் மல்லுக்கட்டின. 'என்னால் கட்டடம் போயிற்று என்று கோபமோ? நானாகக் கூப்பிட மாட்டேன். ஏன் கூப்பிட வேண்டும்?' ஆனாலும் ஏணியில் ஏறும்போதெல்லாம் கண்கள் முதலில் வாசல் கேட்டைத்தான் தேடின.

ஆறாம் நாள் பொந்தை அடைக்கும் வேலை தொடங்கியது. கான்கிரீட் குழாயின் வாயை உள்ளே பொருத்திவிட்டு நிமிர்ந்தாள். முகக்கவசத்துக்குள் இருக்கும் போன் கரகரத்தது. மேலிருந்து அப்பா பேசுவதற்கானது அது. ஆனால் வந்தது அப்பாவின் குரல் இல்லை.

"ஹலோ... டைவர் மேடம்?"

அவள் கை அப்படியே நின்றது. "நீங்களா? அப்பா எங்க?"

"பக்கத்துலதான். முறைச்சுக்கிட்டு நிக்கிறார்."

"அஞ்சு நாளா எங்க போனீங்க?" கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எண்ணியிருக்கீங்க!" குரலில் சிரிப்பு. "புதுசா வரைஞ்சுட்டு இருந்தேன். கட்டடம் முப்பது மீட்டர் பின்னால போயிடுச்சு. முன்னால ஊர் மொத்தமும் வந்து உக்கார்ற மாதிரி அகலமா படிக்கட்டு. நேத்துதான் அத்தை சம்மதிச்சாங்க."

"நல்லது. அதைச் சொல்லவா மைக்கைப் பிடுங்கினீங்க?"

"இல்ல..."

"நான் மேல வந்ததும் சொல்லக்கூடாதா?"

"மேல வந்தா என்னைப் பார்ப்பீங்க. அந்தக் கண்ணைப் பார்த்துட்டா எனக்கு ஒரு வார்த்தை வராது. அதான் இப்பவே..." ஆழமாக ஒரு மூச்சு கேட்டது. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கல்யாணம் பண்ணிக்கிற அளவுக்கு. உங்க அப்பாகிட்டயும் சொல்லிட்டேன்... அதான் முறைக்கிறார்."

பச்சை இருட்டில் ஒரு சின்ன மீன் அவள் கண்ணாடியை உரசிப் போனது. அவள் பேசவில்லை. ஆனால் அந்த போன் பேச்சை மட்டுமா மேலே அனுப்பும்? ஒவ்வொரு மூச்சையும் அனுப்பும். அது இப்போது படபடவென்று ஓடியது.

"என்னம்மா, மூச்சு இப்படி வாங்குது?" அப்பாவின் குரல். "காத்து பத்தலயா?"

"காத்தெல்லாம் போதும்ப்பா..."

"அப்ப அந்தத் தம்பிக்குப் பதில் சொல்லு. நானும் எவ்வளவு நேரம்தான் காது கேக்காத மாதிரி நிக்கிறது?"

அவள் சிரித்தாள். குமிழ்கள் கொத்துக் கொத்தாக மேலே போயின.

"எனக்கும் பிடிச்சிருக்கு," என்றாள். "ரொம்பப் பிடிச்சிருக்கு. மைக்கை அப்பாகிட்ட குடுத்துட்டு அங்கேயே நில்லுங்க. நான் மேல வரேன்."