டைகருக்குத் தெரிந்த சத்தம்

"வீட்டுல ஆளு உண்டா?"

மழைச் சத்தத்துக்கு மேலாகக் கேட்டது அந்தக் குரல். அபினா குடையோடு வெளியே வந்தாள். கேட்டருகே பைக்கோடு நனைந்து நின்றவன் வினோஜ். தெருக்கோடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவன். ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கும் நர்ஸ். தூக்கமில்லாமல் சிவந்த கண்கள்... கோபமாக இருந்திருக்க வேண்டும். ஏனோ பாவமாக இருந்தன.

"ஒங்க நாய் என் வண்டியக் கண்டா வீடு வரைக்கும் தொரத்துது. பிறகு வாசல்ல நின்னு மத்தியானம் வரை குரைக்கு. நான் எப்பம் ஒறங்க?"

"டைகர் சும்மா குரைக்காது. அதுக்கு ஆளு தெரியும்."

"அப்பம் நான் கள்ளனா?"

"நான் சொல்லல... நீங்கதான் சொல்லுதீங்க."

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, எழுதி மடித்த மனுவை எடுத்தான். "பஞ்சாயத்து ஆபீசுல கேட்டேன். முதல்ல வீட்டுக்காரங்ககிட்ட சொல்லணுமாம். சரியாவலேன்னா மனு குடுத்தா விசாரிக்க வருவாங்களாம். இப்பம் சொல்லியாச்சு."

"மனுவே குடுங்க!" என்றாள் வெடுக்கென்று.

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. தெருவில் ஏற்கெனவே முணுமுணுப்பு. மனு ஒன்று வந்தால் நாயைத் திற்பரப்பில் சித்தப்பா வீட்டில் விட்டுவிடுவேன் என்று அப்பா சொல்லியிருந்தார்.

அதற்குள் டைகர் பாய்ந்து வந்தது. பைக்கைச் சுற்றியது, டயரை முகர்ந்தது, வாலை ஆட்டியது. பிறகு அவனைத் தாண்டி, வெறும் சாலையைப் பார்த்துக் குரைத்தது.

"இது தொரத்தல... யாரையோ தேடுது," என்றான் வினோஜ் மெதுவாக.

அப்போதுதான் அபினா பைக்கைச் சரியாகப் பார்த்தாள். இந்த வண்டியின் சத்தம் பழகியதாக அவளுக்கும் தோன்றியிருந்ததுதான். வீண் நினைப்பு என்று ஒதுக்கியிருந்தாள். பெட்ரோல் டாங்கில் ஒரு நெளிவு. அண்ணன் சர்ச் கேட்டில் இடித்த அதே நெளிவு...

"இத எங்க வாங்கினீங்க?"

"திருவட்டாறுல, புரோக்கர்கிட்ட. ஏன்?"

"எங்க அண்ணன் எபிசனுக்க வண்டி." நெளிவைத் தொட்டாள். "இத வித்துட்டு மஸ்கட்டுக்குப் போனான்... பெட்டியில வந்தான். டைகருக்கு அது தெரியாது. வண்டி சத்தம் கேட்டா அவன் வந்துட்டான்னு..."

மனு அவன் கையிலேயே நனைந்து கூழாயிற்று.

மறுநாள் முதல் வினோஜ் தெருமுக்கிலேயே இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே போனான். கொட்டும் மழையிலும். அபினா ஜன்னலருகே நின்று பார்த்தாள். இரக்கமா, நன்றியா... அவளுக்கே நிச்சயமில்லை. அவன் வரத் தாமதமானால் மட்டும் கேட் வரை போய்ப் பார்த்தாள்.

தெரு அமைதியாயிற்று. டைகரும். சோற்றை முகர்ந்துவிட்டுக் கேட்டடியில் போய்ப் படுத்துக்கொண்டது. காது மட்டும் சாலைப் பக்கம்.

ஒரு காலை அவள் அவனை வழிமறித்தாள்.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

"குரைக்குமே?"

"குரைக்கட்டும். ஒண்ணும் தின்னமாட்டேங்கு."

"தெனமும் அத ஏமாத்தச் சொல்லுதியளா?"

"ஏமாத்தாண்டாம். இறங்கி நில்லுங்க. வந்தது யாருன்னு அது பாக்கட்டும்."

வண்டி உறுமியது. டைகர் குரைத்துக்கொண்டு ஓடி வந்தது. வெறும் சாலையை வெகுநேரம் பார்த்தது. பிறகு திரும்பி, வினோஜின் ஈரக் கையை முகர்ந்து, அவன் காலில் தலைவைத்துப் படுத்தது.

அண்ணன் இனி வரமாட்டான் என்பது அந்த நிமிடம்தான் அபினாவுக்கும் முழுதாகத் தெரிந்தது. அழுதாள்.

"நான் எபிசன் ஆவ முடியாது, அபினா..."

"வேண்டாம். நீங்க நீங்களாவே வாங்க." கண்ணைத் துடைக்காமலே நிமிர்ந்தாள். "ஆனா சத்தத்தோட வாங்க... அதுக்குக் காத்திருக்கது டைகர் மட்டுமில்ல."